வேப்பமரத்தடிப் புதிர்ப் பலகை

வாயால் சொல்லும் புதிரில் ஒரு சங்கடம் உண்டு. கூட்டத்தில் யாருக்கு மூளை வேகமாக ஓடுகிறதோ அவர் அரை நிமிடத்தில் விடையைப் போட்டு உடைத்துவிடுவார். மற்றவர்கள் யோசிக்க ஆரம்பிக்கும் முன்பே எல்லாம் முடிந்துவிடும். அந்தப் புதிரையே கையில் எடுத்து நகர்த்தும் பொருளாகச் செய்து நடுவில் வைத்துப் பாருங்கள். பத்துப் பேர் குனிந்து நின்று சேர்ந்து யோசிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கை நீட்டி ஒரு காயை நகர்த்துவார். இந்த நம்பிக்கையில்தான் பாம்பன் தெற்குவாடிப் பக்கம் ஒரு டீக்கடைக்கு எதிரே, வேப்பமரத்தடியில் புதிர்ப் பலகை ஒன்றைச் செய்து வைத்தோம். எதை எப்படிச் செய்தோம், கடல் காற்று எதை எப்படிக் கெடுத்தது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை எழுதி வைக்கிறேன். வேறு ஊரில் யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

நான் பைபர் வள்ளங்களுக்கு ஒட்டு வேலை பார்ப்பவன். ரெசினும் பைபர் மேட்டும் உப்புத்தாளும் பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் என் பட்டறையில் எப்போதும் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பகலில் பெயின்ட் அடிப்பது, வலையைச் சரிபார்ப்பது என்று வேலை இருக்கும். வெயில் இறங்கியதும் மரத்தடியில் ஆள் சேர்ந்துவிடும். ஒரு பக்கம் சீட்டு ஓடும், இன்னொரு பக்கம் யாராவது விடுகதை போடுவார்கள். "இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தன் மட்டும் விடை சொல்லிட்டுப் போறான்" என்று டீக்கடை அண்ணன் குறைப்பட்டதிலிருந்துதான் பேச்சு பலகைப் பக்கம் திரும்பியது. மரம், படகு கட்டும் தச்சரான ஓடாவி ஒருவர் கொடுத்தார். பழைய வள்ளம் ஒன்றைப் பிரித்தபோது எடுத்து வைத்திருந்த வேப்பம்பலகை. வருடக்கணக்கில் உப்புத் தண்ணீரிலும் வெயிலிலும் கிடந்து பதப்பட்ட மரம் என்பதால் இனி வளையாது என்றார். உள்ளே ஒடிந்து கிடந்த ஆணிகளைத் தோண்டி எடுக்காமல் இழைப்புளி வைத்தால் உளியின் வாய் போய்விடும். அதனால் காந்தத்தைப் பலகை மேல் ஓட்டி, இழுக்கும் இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம்.

முதலில் செய்தது எல்லோருக்கும் தெரிந்த புலி, ஆடு, புல்லுக்கட்டு. படகோட்டியோடு ஒன்றுதான் ஏறலாம். ஆள் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். ஐரோப்பாவில் இது ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ் என்று கிட்டத்தட்ட 1200 ஆண்டுகளுக்கு முன்பே லத்தீனில் எழுதப்பட்டிருக்கிறது. அல்குயின் என்ற அறிஞர் தொகுத்ததாகச் சொல்கிறார்கள். தெரிந்த புதிரோடு தொடங்கினால்தான் ஆள் தயங்காமல் பக்கத்தில் வருவார் என்பது என் எண்ணம்.

ஒரு பையன், "நம்ம ஊருக்குப் புலி எதுக்கு? நாய், பூனை, கருவாட்டுக் கூடைன்னு வைக்கலாம்" என்றான். நாய் பூனையைக் கடிக்கும், பூனை கருவாட்டைத் தின்னும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கருவாடு காயப்போடும் அக்கா ஒருவர் அங்கேயே நிறுத்தினார். "ஏன் தம்பி, நாய் கருவாடு தின்னாதா? நான் பகல் முழுக்க நாய்க்குத்தான் காவல் இருக்கேன்." அவர் சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாயும் கருவாட்டைத் தின்னும் என்றால் மூன்றில் எந்த இரண்டையும் தனியே விட முடியாது. ஒன்றை ஏற்றியதுமே மீதி இரண்டில் ஒன்று போய்விடும், படகு கரையை விட்டே கிளம்ப முடியாது. புலி புல் தின்னாது என்பதால்தான் பழைய புதிருக்கு விடையே இருக்கிறது. சின்ன வயதிலிருந்து கேட்ட புதிருக்குள் இப்படி ஒரு நிபந்தனை ஒளிந்திருப்பதை அந்த அக்கா ஒரே கேள்வியில் வெளியே கொண்டுவந்துவிட்டார். புலியையே வைத்துக்கொண்டோம்.

காய்களைப் பூவரசு மரத்தில் செதுக்கினோம். படகில் இரண்டே குழி: ஒன்று படகோட்டிக்கு, ஒன்று சுமைக்கு. மூன்றாவதை வைக்கப் பார்த்தால் உருண்டு விழும். இது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. விதியை மரத்திலேயே குடைந்து வைத்துவிட்டால் யாரும் பக்கத்தில் நின்று விளக்க வேண்டியதில்லை, "அப்படிச் செய்யக்கூடாது" என்று யாரையும் அதட்ட வேண்டியதுமில்லை. பிறகு செய்த எல்லாவற்றிலும் இதையே பின்பற்றினோம். ஏழு தடவை கடந்தால் வேலை முடியும். எல்லோரும் சிக்குவது ஒரே இடத்தில்தான், அக்கரைக்குக் கொண்டுபோன ஆட்டை மறுபடி இக்கரைக்குக் கொண்டுவர வேண்டிய இடத்தில். கொண்டுபோய்ச் சேர்த்ததைத் திருப்பி எடுத்துவர மனசு ஒப்பாது. கையில் ஆட்டை வைத்துக்கொண்டு அவர்கள் யோசிக்கும் நேரத்தைப் பார்ப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அடுத்தது வட்டு அடுக்கு. மூன்று கம்பம். ஒன்றில் பெரியது கீழே சின்னது மேலே என்று வட்டுகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வட்டைத்தான் எடுக்கலாம், சின்னதன் மேல் பெரியது உட்காரக்கூடாது, முழு அடுக்கும் வேறொரு கம்பத்துக்குப் போக வேண்டும். எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1883-இல் வெளியிட்டது. பனஞ்சட்டத்தில் வட்டு வெட்டினால் நார் உரிந்து கையில் குத்துகிறது. அதனால் 12 மி.மீ. மரைன் பிளைவுட்டுக்கு மாறினோம். கம்பத்தை மரத்தில் நட்டபோது காற்றின் ஈரத்தில் அது ஊதி, வட்டு பாதியில் இறுகிக்கொண்டது. பலமாக இழுத்தால் இரண்டு வட்டு சேர்ந்து வரும், ஆடுபவரின் கணக்கு முழுக்கக் குலைந்துவிடும். கம்பத்தை அரை இஞ்ச் பி.வி.சி. குழாயாக மாற்றி, வட்டின் ஓட்டையைக் குழாயைவிட 3 மி.மீ. அகலமாக்கி, ஓட்டையின் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தோம். அதற்குப் பிறகு அடைமழைக்கும் சிக்கல் இல்லை.

இந்தப் புதிரில் கம்பங்களைப் பெரும்பாலும் ஒரே வரிசையில் நடுவார்கள். பலகையில் மூலைதான் மிச்சம் இருந்ததால் நாங்கள் முக்கோணமாக நட்டோம். அதுவே பெரிய உதவியாகப் போனது. ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கொஞ்ச நாள் மாலையில் வந்து ஆடிப் பார்த்துவிட்டு, "மாமா, குட்டி வட்டு ஒரு ஆட்டம் விட்டு ஒரு ஆட்டம் நகருது. எப்பவும் ஒரே பக்கமாத்தான் சுத்துது" என்றாள். உண்மை. குட்டி வட்டு ஒரே திசையில் சுற்றும். அது நிற்கும் இடைப்பட்ட ஆட்டத்தில், அதைத் தொடாமல் செய்யக்கூடிய நகர்வு ஒன்றே ஒன்றுதான் இருக்கும். புதிர் முழுவதும் அவ்வளவுதான். கம்பங்கள் வரிசையாக இருந்தால் அந்தச் சுழற்சி முன்னே பின்னே ஓடுவதாகத் தெரியும், கண் பிடிக்காது. 3 வட்டுக்கு 7 நகர்வு, 4-க்கு 15, 5-க்கு 31, 6-க்கு 63. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல் இரண்டு மடங்கு, கூட ஒன்று. 64 வட்டு வைத்து நொடிக்கு ஒன்றாக நகர்த்தினால் 58,000 கோடி ஆண்டுக்கு மேல் ஆகும் என்றதும் அவள் பலகைக்கு அடியில் சாக்பீஸால் பெருக்க ஆரம்பித்துவிட்டாள்.

மூன்றாவது தண்ணீர்ப் புதிர். 5 அளவு பிடிக்கும் பாத்திரம் ஒன்று, 3 அளவு பிடிப்பது ஒன்று. கோடு, அடையாளம் எதுவும் கிடையாது. சரியாக 4 அளவு எடுக்க வேண்டும். கடையில் வாங்கும் கேன் இதற்கு ஆகாது. 5 லிட்டர் என்று போட்ட கேன் வாய்வரை நிரப்பினால் கூடுதலாகவே பிடிக்கும். அதனால் 4 இஞ்ச் பி.வி.சி. குழாய் எடுத்தோம். ஒரே குழாயிலிருந்து வெட்டினால் அகலம் ஒன்றுதான். எனவே உள் ஆழம் ஒன்றில் 30 செ.மீ., இன்னொன்றில் 50 செ.மீ. இருந்தால் கொள்ளளவு தானாக 3-க்கு 5 ஆகிவிடும். லிட்டர் அளக்கும் வேலையே இல்லை.

சிக்கல் அடிப்பாகத்தில். கடையில் விற்கும் மூடியை மாட்டினால் உள்ளே குழிவு விழுந்து ஆழம் கூடுகிறது. பி.வி.சி. தகட்டை வட்டமாக வெட்டி, குழாய்க்குள் தட்டையாக இறக்கி, சுற்றிலும் வெளிப்பக்கமாக ரெசின் ஊற்றினேன். அது காய்ந்த பிறகு உள்ளே குச்சி விட்டு ஆழம் அளந்து, கடைசியில் வாய்ப்பக்கத்தை வெட்டினோம். இந்த வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு அடியை ஒட்டினால் தகட்டின் தடிமன் ஆழத்தில் குறையும். விடையைச் சரிபார்க்க 40 செ.மீ.-இல் ஒரு வெட்டு போட்ட மூங்கில் குச்சி. பெரிய குழாயில் விட்டால் தண்ணீர் அந்த வெட்டைத் தொட வேண்டும். நல்ல தண்ணீரைப் புதிருக்கு வீணாக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. கடல் தண்ணீர்தான், பாதியாக அறுத்த பேரல் ஒன்றில் எப்போதும் நிறைந்திருக்கும்.

ஊற்றும் வழி பலருக்கும் சீக்கிரம் பிடிபட்டது. பெரியதை நிரப்பு, சின்னதில் ஊற்று, பெரியதில் 2 மிஞ்சும். சின்னதைக் கொட்டிவிட்டு அந்த 2-ஐ அதில் ஊற்று. மறுபடி பெரியதை நிரப்பிச் சின்னதன் மேல் ஊற்றினால் அதில் 1-க்குத்தான் இடம், பெரியதில் 4 நிற்கும். இதைத்தான் விடை என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு நாள் வயசான சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெரியதை நிரப்பி, மெதுவாகச் சாய்த்தார். ஒரு பக்கம் வாய் விளிம்பையும் எதிர்ப்பக்கம் அடி விளிம்பையும் தண்ணீர் ஒரே நேரத்தில் தொடும் இடத்தில் நிறுத்தினார். சின்னதையும் அப்படியே செய்தார். சின்னதில் இருந்ததைப் பெரியதில் ஊற்றிவிட்டு, "குச்சியை விட்டுப் பாரு" என்றார். தண்ணீர் வெட்டில் சரியாக நின்றது.

பாதி ஐந்து இரண்டரை, பாதி மூன்று ஒன்றரை, சேர்த்தால் நாலு. "தண்ணி இறைக்கிறவனுக்கு அரை வாளி எதுன்னு தெரியாதா?" என்றார். அன்று நடந்த விவாதம் விளக்கு வைத்த பிறகும் ஓயவில்லை. இது ஏமாற்று என்றார்கள் சிலர். சாய்க்கக்கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லையே என்றார்கள் சிலர். என் கருத்து தெளிவானது: அவர் விடை முழு விடை. குழாய் நேராகவும் அடி தட்டையாகவும் இருப்பதை அவர் பார்த்திருக்கிறார், அதைப் பயன்படுத்தியிருக்கிறார். குடத்தில் இது நடக்காது. அன்றிலிருந்து அந்தப் புதிருக்கு எங்களிடம் ஊற்றும் வழி, சாய்க்கும் வழி என்று இரண்டு விடை.

தராசுதான் அதிக நேரத்தை எடுத்தது. இப்போது மீன் கடைகளில் எல்லாம் எலக்ட்ரானிக் எடைமிஷின் வந்துவிட்டதால், பழைய இரண்டு தட்டுத் தராசு ஒன்று ஒரு மாமா வீட்டுப் பரணில் துருப்பிடித்துக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உப்புத்தாள் போட்டு, அச்சைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் விட்டதும் கோல் நன்றாக ஆடியது. வெறும் தட்டுகளோடு முள் நேராக நின்றது. அதோடு திருப்திப்பட்டுவிடக்கூடாது. இரண்டு தட்டிலும் மணல் போட்டுச் சமன் செய்து, பிறகு இடது மணலை வலதுக்கும் வலது மணலை இடதுக்கும் மாற்ற வேண்டும். அப்போதும் சமமாக நின்றால்தான் கோலின் இரண்டு கையும் ஒரே நீளம். எங்கள் தராசு மாற்றியதும் ஒரு பக்கம் சாய்ந்தது. பார்த்தால், ஒரு முனையில் கொக்கி தொங்கும் ஓட்டை வருடக்கணக்கில் தேய்ந்து நீண்டிருந்தது. கொக்கி வெளிப்பக்கம் தள்ளி உட்கார்ந்ததால் அந்தக் கை நீளமாகிவிட்டது. இப்படிப்பட்ட தராசில் புதிர் போட்டால், சரியாக யோசித்தவருக்கும் தவறான விடை வரும். அது பெரிய அநியாயம். லேத் பட்டறையில் கொடுத்து, இரண்டு முனையிலும் ஓட்டையைப் பெரிதாக்கி, பித்தளை புஷ் இறக்கி, நடு அச்சிலிருந்து ஒரே தூரத்தில் புதிதாகத் துளை போட்டோம். மாற்றிப் போடும் சோதனையில் முள் அசையவில்லை.

இதில் முதல் புதிர் ஒன்பது டப்பி. பார்க்க எல்லாம் ஒன்று போலிருக்கும், ஒன்று மட்டும் கனம் கூடுதல். இரண்டே எடையில் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டில் மூடிகளை இரண்டிரண்டாக ஒட்டி, உள்ளே மணல் அடைத்தோம். கரை மணலை அப்படியே போடக்கூடாது. அதிலிருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், இன்றைக்கு இருக்கும் எடை நாளைக்கு இருக்காது. நல்ல தண்ணீரில் அலசி, இரும்புச் சட்டியில் வறுத்து, சூடு ஆறியதும் அடைத்து, ரெசின் பூசி மூடினோம். மீன் கடை மிஷின் சின்ன வித்தியாசத்தைக் காட்டாது என்பதால் நகைப் பட்டறை ஒன்றில் கெஞ்சிக் கேட்டு ஒவ்வொன்றையும் நிறுத்தோம். கனமான டப்பிக்குள் வலையில் கோக்கும் ஈயத்தில் ஒரு துணுக்கு. எல்லோரும் முதலில் நாலுக்கு நாலு வைப்பார்கள். மூன்றுக்கு மூன்று வைத்து மூன்றை வெளியே விடலாம் என்று தோன்றக் கொஞ்ச நேரம் பிடிக்கும். தராசு இடது, வலது என்று இரண்டு பதில் மட்டும் சொல்வதில்லை, 'சமம்' என்று மூன்றாவது பதிலும் சொல்கிறது. அதைக் காதில் வாங்கியவருக்கு இரண்டு எடையில் ஒன்பது, மூன்று எடையில் இருபத்தேழு என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டாவது புதிர் எடைக்கற்கள். 1612-இல் பிரான்சின் கணித அறிஞர் பாஷே தம் கணக்குப் புதிர்த் தொகுப்பில் சேர்த்தது. நாலே கல் வைத்து 1 முதல் 40 வரை எந்த எடையையும் நிறுக்க வேண்டும். கற்கள் 1, 3, 9, 27. நாங்கள் 50 கிராமை ஒரு அலகாக வைத்து 50, 150, 450, 1350 கிராம் என்று செய்தோம். கூட்டினால் சரியாக 2 கிலோ. 50 கிராம் படியாக 2 கிலோ வரை எதையும் நிறுக்கலாம். கணக்குப் படித்த பையன்கள், "100 கிராம் எப்படி வரும்? கல்லே இல்லையே" என்று தடுமாறினார்கள். மீன் விற்கும் அக்கா ஒருவர் 150-ஐ ஒரு தட்டில் வைத்து, 50-ஐ மீன் தட்டில் வைத்தார். "கல்லு பத்தலேன்னா மீன் பக்கம் வைக்கிறதுதானே." புதிரின் உயிரே அந்த ஒரு வாக்கியம்தான். 1 கிலோவுக்கு 1350-ம் 150-ம் கல் தட்டில், 450-ம் 50-ம் மீன் தட்டில். அவரே யோசித்துக் கண்டுபிடித்து, கூடவே அரைக் கிலோவுக்கும் சொல்லிவிட்டுப் போனார். எடை பார்த்தே காலம் கழித்த கைக்கு இந்தப் புதிர் சொந்த வீடு போல.

அப்புறம் நூல் பலகை. மரைன் பிளைவுட்டில் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டுகளைக் குமிழாக நட்டு, வலை நூலால் படம் போடுவது. இரும்பு ஆணி இங்கே கொஞ்ச நாளிலேயே துரு கக்கி நூலைச் செம்மண் நிறமாக்கிவிடும், அதனால் எஸ்.எஸ். கட்டாயம். சதுரம், அதற்குள் இரண்டு மூலைவிட்டம், மேலே கூரை. இந்த வீட்டை எடுத்த கோட்டில் திரும்பப் போகாமல் ஒரே நூலில் சுற்ற வேண்டும். நூலைப் படத்தின் மொத்த நீளத்துக்குச் சரியாக வெட்டி, முடிச்சுக்கு மட்டும் கொஞ்சம் விட்டோம். ஒரு கோட்டில் இரண்டு தடவை போனால் கடைசியில் நூல் பற்றாது. தப்பை யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம், நூலே காட்டிக்கொடுக்கும். வலை பின்னுபவர்களும் சிக்குக் கோலம் போடும் பெண்களும் இதில் மற்றவர்களைவிட ரொம்ப வேகம். கீழ் மூலை இரண்டில் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவர்கள் விரல் முதலில் கண்டுபிடித்தது, காரணம் பிறகுதான் வந்தது: அந்த இரண்டு மூலையில் மட்டும்தான் ஒற்றைப்படையாக மூன்று கோடு சேர்கிறது.

இதைச் சொல்லவே எங்கள் ஊரில் ஒரு புதிர் காத்திருந்தது. மண்டபம் கரைக்கும் பாம்பன் கரைக்கும் நடுவே 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம், 1988-இல் வந்த சாலைப் பாலம், 2025-இல் திறந்த புது ரயில் பாலம். மூன்றையும் நடந்து கடக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் கிளம்பி, ஒவ்வொரு பாலத்திலும் ஒரே ஒரு தடவை போய், மண்டபத்துக்கே திரும்ப முடியுமா? முடியாது. மூன்றாவது பாலம் பாம்பனில் கொண்டுபோய் விட்டுவிடும். பாலம் இரண்டாகவோ நாலாகவோ இருந்தால் வீடு திரும்பலாம். இதைப் புரிந்துகொண்டவருக்கு, 1736-இல் கணித அறிஞர் ஆய்லர் தீர்த்த கோனிக்ஸ்பர்க் நகரத்து ஏழு பாலப் புதிர் எளிது. ஏழு பாலத்திலும் ஒரே ஒரு தடவை போக முடியுமா என்பதுதான் கேள்வி. அங்கே நாலு நிலத்திட்டு, நாலிலும் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பாலம். தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று என்று இரண்டு திட்டுக்குத்தான் ஒற்றைப்படை செல்லும். ஆகவே எங்கே தொடங்கினாலும் முடியாது. அந்த ஏழு பாலத்தையும் வளையங்களாகப் பலகையில் மாட்டினோம். விடையே இல்லாத புதிரைச் சொல்லாமல் வைப்பது நியாயமா என்று ஒரு ஆசிரியர் கேட்டார். அதன் பக்கத்தில், 'முடியாது என்றால் ஏன் என்று காட்டுங்கள், அதுவும் விடைதான்' என்று எழுதி வைத்தோம்.

சிரட்டைப் புதிரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று சிரட்டை, ஒன்றின் அடியில் சோழி. நீங்கள் ஒன்றைத் தொடுகிறீர்கள். சோழி இருக்கும் இடம் தெரிந்தவர் மற்ற இரண்டில் காலியான ஒன்றைத் திறந்து காட்டுகிறார். இப்போது மாற்றிக்கொள்வது நல்லதா? 1990-இல் மேரிலின் வாஸ் சவந்த் அமெரிக்கப் பத்திரிகையில் 'மாற்றுங்கள்' என்று எழுதியதற்கு, படித்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோர் மறுத்துக் கடிதம் போட்டார்கள். இங்கேயும் அதே சண்டைதான். சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணியதில் மாற்றியவர் பக்கம் கோடு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அப்போதும் நம்பாதவர்களைப் பத்துச் சிரட்டை நம்ப வைத்தது. ஒன்றைத் தொட்டபின் எட்டைத் திறந்து காட்டினால், திறக்காமல் விட்ட அந்த ஒன்றில்தான் சோழி என்று யாருக்கும் தோன்றும். செய்யும்போது கவனிக்க வேண்டியது: சிரட்டையின் வாயை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள், உள்ளே துணி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் சோழி உரசும் சத்தம் விடையைச் சொல்லிவிடும்.

மரத்தில் செய்யாமல், எண் எழுதிய மிதவைகளைக் கயிற்றில் கோத்து வைத்த புதிரும் ஒன்று உண்டு. ஒரு தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டலும் வலப்பக்க எண்களின் கூட்டலும் சமம். எந்த வீடு? 8 வீடு என்றால் 6-ஆம் வீடு: இந்தப் பக்கம் 15, அந்தப் பக்கமும் 15. 49 வீடு என்றால் 35. 1914 டிசம்பரில் கேம்பிரிட்ஜில், 50-க்கு மேல் 500-க்குள் வீடுகள் இருக்கும் தெரு என்று, பின்னாளில் புள்ளியியல் அறிஞராகப் புகழ்பெற்ற மகலனோபிஸ் இதைப் பத்திரிகையிலிருந்து வாசிக்க, காய்கறி கிளறிக்கொண்டிருந்த ராமானுஜன் அந்த இடத்திலேயே, இப்படிப்பட்ட எல்லாத் தெருவுக்கும் பொருந்தும் தொடர் பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் ஒரு கணக்கை, சொல்லிவிட்டார். அந்தத் தெருவில் 288 வீடு, விடை 204. எங்கள் கயிற்றில் ஒரு கல்லூரி மாணவன் கண்டுபிடித்தது: அந்த வீட்டு எண்ணை அதனாலேயே பெருக்கினால் தெருவின் மொத்தக் கூட்டல் வரும். 6-ஐ 6-ஆல் பெருக்க 36, 1 முதல் 8 வரை கூட்டினாலும் 36. மிதவைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு அதை எல்லோருக்கும் விளக்கினான்.

மரத்தடிக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். விடை தெரிந்தவர் விடையைச் சொல்லக்கூடாது, ஒரு கேள்வி மட்டும் கேட்கலாம். "புலி புல் தின்னுமா?", "தராசு எத்தனை பதில் சொல்லும்?" மாதிரி. நல்ல கேள்வி ஒன்றைத் தேடுவதற்கு விடை தெரிந்தவரும் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கிறது, அதனால் அவருக்கும் வேலை இருக்கிறது. இதை மீறுகிறவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும் என்பது டீக்கடை அண்ணன் சேர்த்தது.

பராமரிப்பு அதிகமில்லை. கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் மணல் தராசு அச்சுக்குள் புகுந்துவிடும். இரவில் பழைய தார்ப்பாய் போட்டு மூடி, வாரம் ஒரு தரம் துடைத்து எண்ணெய் விட்டால் போதும். குழாய்களின் வாயில் உப்புப் படியும். நல்ல தண்ணீரில் ஒரு துணியை நனைத்துத் துடைக்காவிட்டால் விளிம்பு மேடாகி அளவு மாறும். நூல் வெயிலில் இற்றுப்போகும்போது புதிது வெட்ட, நீளத்தைப் பலகையின் ஓரத்திலேயே இரண்டு ஆணிக்கோடாகக் கீறி வைத்திருக்கிறோம்.

இப்போது பன்னிரண்டு டப்பிகள் தயாராகிவிட்டன. நகைப் பட்டறையில் நிறுத்து, ரெசின் பூசிக் காய்ந்தும்விட்டது. பன்னிரண்டில் ஒன்று மட்டும் எடை மாறியது. அது கனமா லேசா என்று சொல்ல மாட்டோம். மூன்றே எடையில் எது என்றும், கனமா லேசா என்றும் கண்டுபிடிக்க வேண்டும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு மரத்தடிக் கட்டுப்பாட்டின்படி ஒரு கேள்வி மட்டும் தருகிறேன்: முதலில் நாலுக்கு நாலு வைத்துத் தராசு சாய்ந்துவிட்டால், தட்டில் இருக்கும் எந்த டப்பிகளை இரண்டாவது எடைக்குத் தட்டு மாற்றி வைப்பீர்கள்?